கோலத்திலிருந்து எட்டுப் பூ

"ஏ, பிடிங்க அவள! கோலத்துப் பூவப் பிடுங்கிட்டு ஓடுதா!"

ராஜராஜேஸ்வரியின் சத்தம் தெருவின் மேலக்கோடியில் கிளம்பிக் கீழக்கோடியில் போய் முட்டியது. மார்கழி பன்னிரண்டு, காலை ஆறரை மணி. கல்லிடைக்குறிச்சியில் அந்த நேரத்துக்கு ஒரு சத்தம் கேட்டால் அது கோயில் ஒலிபெருக்கியாக இருக்கும், இல்லாவிட்டால் செங்கோட்டை பாசஞ்சராக இருக்கும். திருட்டுச் சத்தம் புதிது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வாய் நுரையோடு வாசலுக்கு வந்தார்கள். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கினார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுத்தெருவில் ஓடியவள் முத்துராணி. மடியில் எட்டுப் பூசணிப் பூ. அவள் கைவைத்த எட்டு வாசலிலும் சாணி உருண்டைகள் பல் போன வாய் மாதிரி குழி விழுந்து கிடந்தன.

"அது முத்துராணில்லா?" என்றார் பால்காரர். "அவ வீட்டுல இருந்துதான தெனமும் தெருவுக்கே பூ வருது? குடுத்தவளே பிடுங்கிட்டுப் போனா அதத் திருட்டுன்னு எப்படிச் சொல்ல?"

"வேற என்னன்னு சொல்லணுங்கிய? தானமா?" என்று அவர் மேல் பாய்ந்தாள் ராஜராஜேஸ்வரி. விடிய நாலரைக்கு எழுந்து, குளிரில் விரல் விறைக்க விறைக்க அவள் போட்ட இருபத்தொரு புள்ளிக் கோலம். அதன் மேல் முத்துராணியின் கால் தடம் இரண்டு, சேறும் மண்ணுமாய். "இன்னைக்கு இதுக்கு ஒரு வழி பண்ணாம விடமாட்டேன். ஏங்க! சட்டையப் போட்டுட்டு வாங்க, படுகைக்குப் போகணும்!"

முத்துராணி எதையும் காதில் வாங்கவில்லை. எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் படுகையில் பூவெல்லாம் வாய் மூடிவிடும். அதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

படுகை என்று அவர்கள் சொல்வது தாமிரபரணிக் கரையில் ஒரு முப்பது சென்ட் நிலம். தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து ஐப்பசி வெள்ளம் எத்தனையோ வீடுகளைக் கரைத்துக்கொண்டு போனது. போகிற போக்கில் இந்த நிலத்தில் மட்டும் இடுப்பளவுக்கு வண்டலைக் கொட்டிவிட்டுப் போனது. கையில் அள்ளினால் வெண்ணெய் மாதிரி வழுக்கும் மண். செங்கல் சூளை வைத்திருக்கும் பெருமாள்ராஜ் அதைப் பார்த்தான். அவனுக்குச் செங்கல்லாகத் தெரிந்தது. முத்துராணி பார்த்தாள், அவளுக்குப் பூசணியாகத் தெரிந்தது.

நிலம் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் ஞானசம்பந்தனுடையது என்பது ஊருக்கே தெரியும். ராஜராஜேஸ்வரியின் வீட்டுக்காரர். முத்துராணி அவர் வாசலில் ஏழு நாள் போய் நின்றாள். "ஒரே ஒரு வெள்ளாமை பாத்துக்கிடுதேன்யா. வெளங்கலேன்னா நானே மம்பட்டியத் தூக்கிட்டுப் போயிருதேன்" என்று சொல்லிக் குத்தகைக்கு வாங்கினாள். பதினைந்து வருஷமாக அவளும் அவள் புருஷன் பலவேசமும் அடுத்தவன் வயலில் நாற்று நட்டார்கள், அடுத்தவன் சூளையில் கல் சுமந்தார்கள். பெருமாள்ராஜ் சூளையில் கல் சுமந்தே பலவேசத்தின் உச்சந்தலையில் முடி போய்விட்டது. தன் கையால் ஊன்றி, தன் கையால் பறிக்க ஒரு துண்டு மண் வேண்டும் என்பதுதான் முத்துராணியின் ஒரே ஆசை. இந்தக் குத்தகை தப்பினால் பெருமாள்ராஜ் மண்ணெடுத்துப் படுகை பன்னிரண்டடிப் பள்ளமாகும். அந்தப் பள்ளத்து மண்ணையே பலவேசம் செங்கல்லாகச் சுமப்பான்.

நிலத்தைக் கொடுக்கும்போது ராஜராஜேஸ்வரி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"மார்கழி பூராவும் நம்ம தெருவுக்குப் பூசணிப் பூ நீதான் தரணும். நாப்பது வீடு, வீட்டுக்கு அஞ்சு. ஒண்ணு கொறஞ்சாலும் எனக்குத்தான் கெட்ட பேரு."

"அதுக்கென்னம்மா? காய்க்காத பூ கொடிக்குக் கொடி கெடக்கும்" என்று முத்துராணி சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள்.

பூசணிக் கொடியில் இரண்டு விதமான பூ உண்டு. ஒன்று நீளக் காம்பில் தனியாக நிமிர்ந்து நிற்கும். இன்னொன்றுக்கு அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருக்கும். பிஞ்சுள்ள பூவை யாரும் தொடமாட்டார்கள். மற்றதை வெறும் பூ என்பார்கள். மார்கழியில் சாணி உருண்டையில் செருகுவது அந்த வெறும் பூவைத்தான். காய்க்காதது கொடியில் இருந்து என்ன செய்யப் போகிறது? பலவேசம் ஒரு படி மேலே போய், அது கொடியின் சத்தை உறிஞ்சிவிடும் என்றும் நம்பினான். எனவே தினமும் நாலரை மணிக்கு டார்ச் விளக்கோடு இறங்கி ஒரு வெறும் பூவைக்கூட விடாமல் பறித்தான். தெருவுக்குப் போக மிஞ்சியதை ஆட்டுக்குப் போட்டான்.

கொடி என்னவோ யானைக்காது மாதிரி இலைவிட்டுப் படுகையை மூடிவிட்டது. பிஞ்சும் குழிக்குக் குழி வந்தது. ஆனால் பூ விரிந்து வாடிய மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளடிக்கும். ஐந்தாம் நாள் தொட்டால் கையோடு வந்துவிடும். யாரோ சுட்டு விரலை நீட்டிப் பிஞ்சைக் காட்டிவிட்டார்கள் என்றது ஊர். கண்ணேறு என்றது இன்னொரு வாய். பலவேசம் கரும்புள்ளி செம்புள்ளி குத்திய பானையைக் கம்பில் கவிழ்த்தான். பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டான். வேப்பம் பிண்ணாக்கு வைத்தான். பிஞ்சு அது பாட்டுக்கு உதிர்ந்தது.

பெருமாள்ராஜ் கரைமேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கேட்டான்: "என்னவே பலவேசம், காய்கறித் தோட்டம் போட்டீரா, பூந்தோட்டம் போட்டீரா? வெறுங்கொடிய வச்சுட்டு என்னவே செய்யப் போறீரு? பைய வந்து கல்லத் தூக்கும்."

ஞானசம்பந்தனும் பொறுத்துப் பார்த்தார். மார்கழி பன்னிரண்டாம் தேதி காலையில் பெருமாள்ராஜ் டேப்பு வைத்து அளக்க வருவான் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

அதற்கு முந்தின நாள்தான் முத்துராணி புடைக்க இரவல் வாங்கிய சுளகைத் திருப்பிக் கொடுக்க மைதீன் பாத்திமா வீட்டுக்குப் போனாள். ஆற்றுப் பாதையில் கடைசி வீடு. இரண்டு பேரும் சேர்ந்து களையெடுத்தவர்கள். புரட்டாசிக் கடைசியில் ஒரே காயின் விதையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, ஒரே நாளில் ஊன்றியவர்கள். மழைக்காலம் முழுக்க முத்துராணிக்கு அந்தப் பக்கம் போக நேரம் வாய்க்கவில்லை.

போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆட்டுக் கொட்டகையின் கூரை தெரியவில்லை. கூரை முழுக்கக் காய். எண்ணினாள், பதினாலு.

"எக்கா, என்ன உரம் போட்ட?"

"உரமா? கோழி போட்டது, ஆடு போட்டது. எங்கையால ஒண்ணும் போடல" என்றாள் பாத்திமா.

"என்னமும் ஓதிக் கட்டியிருக்கியா?"

"ஏளா, பூசணிக்கு யாராவது ஓதுவாகளா? அல்லா தந்தான், கெடக்கு. ஒனக்கு ரெண்டு வேணும்னா அறுத்துட்டுப் போ. எதுக்கு மொகம் செத்துப் போச்சு?"

"ஒரே வெத, ஒரே ஆத்துத் தண்ணி. ஓங்கூரையில பதினாலு. என் படுகையில ஒண்ணுகூட இல்லக்கா."

பாத்திமா சுளகை வாங்கிக்கொண்டாள். முத்துராணியின் கண் கூரையிலேயே இருந்தது. இலைகளுக்கு நடுவே அன்று காலையில் பூத்து வாடிய வெறும் பூக்கள் கொத்தாகத் தொங்கின.

"வெறும் பூவ ஏன் பறிக்காம விட்டிருக்க?"

"பறிச்சு? நான் என்ன கோலமா போடப் போறேன்? அது பாட்டுக்குப் பூக்கும், அது பாட்டுக்கு வாடும். விடிஞ்சா இந்தத் தேனீப்பயலுவ வந்து அதுல விழுந்து பொரளுவான். மஞ்சப் பொடிய மேலெல்லாம் அப்பிக்கிட்டு, கல்யாண மாப்பிள்ள மாதிரி, நேரா அன்னா அந்தப் பிஞ்சுப் பூவுக்குள்ள போவான். தெனமும் இதே கூத்துதான். கஞ்சி குடிச்சுட்டே பாத்துக்கிட்டு இருப்பேன்."

முத்துராணிக்குக் காதுக்குள் ஏதோ திறந்தது போல இருந்தது. "எங்க போவான்னு சொன்ன?"

"பிஞ்சுப் பூவுக்குள்ள."

"மஞ்சப் பொடியோடயா?"

"குளிச்சுட்டா போவான்? ஏளா, ஒனக்கு என்ன ஆச்சு?"

முத்துராணி வீட்டுக்கு வரும்போது நடக்கவில்லை, பறந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் பலவேசம் காணப்பயற்றுத் துவையலும் கஞ்சியுமாக உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா நாங்குநேரிப் பக்கம் பனையேறியவர்.

"பனையில அலகுப் பனை காய்க்குமா?" என்று கேட்டாள்.

"எந்த ஊர்லட்டி அலகு காய்ச்சிருக்கு? அது ஆம்பளப் பனை. பருவப் பனைதான் காய்க்கும்."

"காய்க்காததுதானன்னு ஊர்ல உள்ள அலகையெல்லாம் வெட்டிட்டா?"

கஞ்சிக்குப் போன கை பாதியில் நின்றது. "அப்படியெல்லாம் வெட்டமாட்டாக. அலகுல இருந்து பொடி பறந்து வரணும், அப்பதான் இது கொல கொலயாப் பிடிக்கும்னு அப்பா சொல்லுவாரு."

"பனைக்குக் காத்து கொண்டுவந்து குடுக்கு. பூசணிக்கு ஈ கொண்டுவந்து குடுக்கு. நாம ஒரு அலகு விடாம விடியுமுன்ன வெட்டித் தெருவுல நட்டுட்டு வாரோம். ஈ வந்து என்ன செய்யும், பாவம்? பிஞ்சுப் பூவுக்குள்ள வெறுங்கையோட போயிட்டு வெறுங்கையோட வருது."

"பனை வேற, பூசணி வேற. நாளைக்கு டேப்பு பிடிக்க வாரானாம். நீ இப்பப் போயி ஈக்கு வக்காலத்து வாங்குத" என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டான்.

"காலையில ஒரு இருவது பூவாவது விட்டு வைங்க. கேட்டியளா?"

"கேட்டேன், கேட்டேன்."

ஆனால் பதினொரு நாள் பழக்கம் கையில் ஏறியிருந்தது. போதாததற்கு எண்ணிக்கை குறைந்தால் ராஜராஜேஸ்வரி அம்மா வாய்க்கு யார் பதில் சொல்வது? முத்துராணி மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுப் படுகைக்கு வந்தபோது, பிஞ்சுப் பூக்கள் ஐம்பதுக்குக் குறையாமல் வாய் திறந்து காத்துக் கிடந்தன. வெறும் பூ ஒன்று இல்லை. பலவேசம் தெருவில் கொடுத்துவிட்டு வெறும் கூடையோடு சைக்கிளில் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகினாள். அவனைத் தாண்டித் தெருவைப் பார்த்து ஓடினாள். அப்படித்தான் அந்த எட்டுப் பூ.

படுகையில் இறங்கியதும் முதல் பூவை எடுத்து இதழ்களைப் பின்னால் மடக்கிப் பிடித்தாள். நடுவில் விரல் கனத்துக்கு ஒரு தண்டு நின்றது. அதில் மஞ்சள் பொடி, மாவு மில்லில் துணியில் ஒட்டுமே அப்படி ஒட்டிக்கொண்டிருந்தது. காம்பில்தான் சாணி, தண்டில் இல்லை. அதைப் பிஞ்சுப் பூவின் நடு மொக்கில் வைத்துப் பைய உருட்டினாள். புதுப்பெண்ணுக்கு நலங்கு வைக்கிற பதனம். பிசுபிசுப்பில் பொடி அப்படியே அப்பிக்கொண்டது. ஒரு பூவின் பொடி நாலைந்து பிஞ்சுக்கு வந்தது. எதைத் தொட்டோம், எதைத் தொடவில்லை என்று பின்னால் தெரிய வேண்டுமே? சிவப்புச் சேலையின் முந்தியைப் பல்லால் கிழித்தாள். தொட்ட பூவுக்கெல்லாம் காம்பில் ஒரு துணி நறுக்கு.

"ஏட்டி, நல்ல சேலை!" என்று அலறினான் பலவேசம்.

"சேல கெடக்கட்டும். இந்த இலையத் தூக்கிப் பிடிங்க. பிஞ்சை மிதிச்சிராதிய!"

முப்பத்தேழு பிஞ்சு முடிந்தபோது கரையில் ஆள் சத்தம் கேட்டது. முன்னால் ராஜராஜேஸ்வரி, பின்னால் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்த ஞானசம்பந்தன், அவருக்கும் பின்னால் கையில் டேப்போடு பெருமாள்ராஜ்.

"கள்ளி! என் கோலத்துல கால வச்சு மிதிச்சிட்டு இங்கன வந்து ஒளிஞ்சிருக்கியா?"

"ஒளியலம்மா. அன்னா பாருங்க, ஒங்க பூ எங்கயும் போயிரல. மண்ணுலதான் கெடக்கு."

"பூவ எதுக்குட்டி இப்படிக் கொதறி வச்சிருக்க?"

முத்துராணி சொன்னாள். பாத்திமாவின் கூரை, ஈ, மஞ்சள் பொடி, அலகுப் பனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்ததும் பெருமாள்ராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணாச்சி, கேட்டியளா? பூசணிக்குக் கல்யாணம் பண்ணி வைக்காளாம்! ஏ பலவேசம், மேளம் சொல்லியாச்சா? மொய் எழுதணுமா?"

"நீங்க வாங்க அண்ணாச்சி, கடைசிப் பந்தியில எடம் போடுதேன்" என்றாள் முத்துராணி.

ஞானசம்பந்தனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "முத்துராணி, நான் மார்கழி வரைக்கும் பொறுத்தாச்சு. இது பைலு இல்ல, நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போக. அவரு அளக்கட்டும்."

"அளக்கட்டும்யா. தோண்டுறத மட்டும் அஞ்சு நாளு தள்ளி வையுங்க. இன்னா, செவப்புத் துணி கட்டுனது முப்பத்தேழு. துணி கட்டாதது பதினஞ்சு. ரெண்டும் ஒரே கொடி, ஒரே மண்ணு. அஞ்சாம் நாளு வந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணு போல உதுந்து கெடந்தா, நானே கொடியப் பிடுங்கிப் போட்டுட்டு இவரு சூளைக்குக் கல்லு சொமக்க வாரேன்."

"எழுதிக் குடுப்பியா?" என்றான் பெருமாள்ராஜ்.

"எனக்கு எழுத வராது. வாயால சொல்லுதேன், அது போதாதா?"

இந்தப் பேச்சு நடக்கும்போது ராஜராஜேஸ்வரி குனிந்து ஒரு பிஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் இந்தக் கரையைத் தாண்டி இறங்கியதில்லை. சாம்பல் பச்சையில் மெல்லிய பூனைமயிரோடு, தலையில் மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு அது இருந்தது.

"இதுக்குப் போட்டாச்சா?" என்றாள்.

"இல்லம்மா. பொடி தீந்து போச்சு. இந்தக் கடைசிப் பூவுல இத்தினியூண்டு இருக்கு. நீங்க போடுதியளா?"

"நானா? போட்டி அங்கிட்டு."

சொன்னாளே தவிர கை நீண்டுவிட்டது. சேலையை ஒதுக்கிக்கொண்டு ஈர மண்ணில் முட்டி போட்டாள். பூவைப் பிடிக்கத் தெரியவில்லை; முத்துராணி அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றிக் காட்டினாள். ராஜராஜேஸ்வரியின் நுனி விரல் மஞ்சளாகிவிட்டது. அதை முகர்ந்து பார்த்தாள்.

"இதுக்குத் துணி?"

முத்துராணி முந்தியில் இன்னொரு நறுக்குக் கிழித்தாள். ராஜராஜேஸ்வரி அதை இரட்டை முடிச்சாகப் போட்டாள். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, புருஷனைப் பார்த்தாள்.

"அஞ்சு நாளுதான? மண்ணு எங்கயும் ஓடிப் போயிராது. அளந்துட்டுப் போகச் சொல்லுங்க."

அந்த ஐந்து நாளும் முத்துராணிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாள் எல்லாப் பூவும் ஒன்று போலச் சுருண்டு கிடந்தது. கட்டியது எது, கட்டாதது எது என்றே வித்தியாசமில்லை. பலவேசம், கல் சுமக்கத் தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியைத் துவைத்துக் காயப்போட்டான். மூன்றாம் நாள் காலை பனியில் அவள் கைவிளக்கோடு குனிந்தாள். துணி கட்டாத பிஞ்சுகள் மஞ்சளடித்திருந்தன. துணி கட்டியவை?

பச்சை. நல்ல கரும்பச்சை. கோலிக்குண்டு எலுமிச்சையாகியிருந்தது. நிமிர்ந்து நின்ற காம்பு, பாரம் தாங்காமல் மண்ணைப் பார்த்து வளைய ஆரம்பித்திருந்தது.

"இந்தாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் யாரோ முதலையைப் பார்த்துவிட்டார்கள் என்று கரையேறிவிட்டார்கள்.

பலவேசம் வந்தான். ஒவ்வொரு துணியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கடைசிக் குழி வரை போனான். திரும்பி வந்து, காய்ந்த சும்மாட்டை எடுத்து, விளக்குத் துடைக்கக் கொடுத்துவிட்டான். பிறகு சொன்னான்: "எங்கப்பன் இத்தன சொல்லியும் எனக்கு ஏறலியே. சவத்து மூதி, பன்னெண்டு நாளு நானே அறுத்திருக்கேன்."

"இனிம அறுக்காம இருந்தாப் போதும்."

ஐந்தாம் நாள் ஞானசம்பந்தன் குடையை ஊன்றிக்கொண்டு எண்ணினார். ஆபீஸ் வழக்கப்படி இரண்டு தரம் எண்ணினார். துணி கட்டியது முப்பத்தெட்டில் முப்பத்திரண்டு பிடித்திருந்தது. கட்டாதது பதினாலும் உதிர்ந்து கிடந்தது. ராஜராஜேஸ்வரியின் இரட்டை முடிச்சுப் பிஞ்சு தேங்காயளவுக்கு இருந்தது.

"என்னோடதுதான் எல்லாத்துலயும் பெருசு" என்றாள் அவள்.

"ஆமாம்மா. கைராசி" என்றாள் முத்துராணி. அது உண்மையில் மூன்றாவது பெரியது. ஆனால் அதை இப்போது யார் அளக்கப் போகிறார்கள்?

"சரி" என்றார் ஞானசம்பந்தன். "காய் எடுக்குற வரைக்கும் இருக்கட்டும். மாசி பொறந்ததும் பெருமாள்ராஜுக்கு விட்டுருவோம். வாக்குக் குடுத்தாச்சு."

முத்துராணியின் முகம் சுண்டியது. ஒரு வெள்ளாமை என்று கேட்டவள் அவள்தான். ராஜராஜேஸ்வரி தன் காயைச் சுற்றி இருந்த களையை இரண்டு விரலால் பிடுங்கிப் போட்டாள்.

மிச்ச மார்கழிக்குத் தெருவில் பூ குறைந்தது. வீட்டுக்கு ஐந்து என்றிருந்தது ஒன்றானது. நாலு வீட்டுப் பெண்கள் கேட்க வந்தபோது ராஜராஜேஸ்வரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "ஒத்தப் பூ வைக்கதுதான் வாசலுக்கு லெச்சணம். அஞ்சு பூ என்ன அஞ்சு பூ, சந்தைக்கடை மாதிரி?" கேட்டவர்களில் ஒருத்திக்கும் தெரியாது, மீதிப் பூவோடு இவள் ஆற்றுக்குக் குளிக்கப் போகும் சாக்கில் தினமும் படுகையில் இறங்கி, முத்துராணியோடு வரப்பு வரப்பாகக் குனிந்துகொண்டிருந்தாள் என்பது. ஒரு பக்கம் தேனீ, ஒரு பக்கம் இவர்கள். சில பூக்களில் இவர்கள் போவதற்குள் ஈ வந்து வேலையை முடித்திருக்கும்.

"இவன் முந்திட்டான்டி" என்பாள் ராஜராஜேஸ்வரி.

"அவன் சோலி அதுதானம்மா. நாமதான் நடுவுல வந்தவுக."

தை முழுக்கக் காய் திரண்டது. பச்சை மாறி வெளுத்து, பிறகு காவியேறியது. இலை காய, படுகை முழுக்கக் குடத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி காய் தெரிந்தது. ஆற்றில் குளிக்க வந்தவர்கள் சோப்பை மறந்துவிட்டு எண்ணினார்கள். மைதீன் பாத்திமா வந்து பார்த்துவிட்டு, "ஏளா, எங்கூரைய தோக்கடிச்சிட்டியே" என்று முத்துராணியின் கன்னத்தைக் கிள்ளினாள்.

மாசி பிறக்கிறதுக்கு முந்தின நாள் அறுப்பு. பாத்திமா அரிவாளோடு வந்தாள், பலவேசம் சுமந்தான், முத்துராணி காம்பு விட்டு அறுத்து வைக்கோலில் அடுக்கினாள். இருநூற்றி எண்பத்தாறு காய். பெரியது பலவேசத்தின் இரண்டு கைக்குள் அடங்கவில்லை. பாவூர்ச்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி பார்த்துக்கொண்டிருந்தபோது, பெருமாள்ராஜின் லாரியே ஒரு நாள் முந்திக் கரையில் வந்து நின்றது. மண் அள்ளும் ஆட்கள் நாலு பேர் மம்பட்டியோடு குதித்தார்கள். மம்பட்டியை வைக்க இடமில்லை. கால் வைக்கிற இடமெல்லாம் பூசணி.

பெருமாள்ராஜ் இறங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இம்புட்டுமா?" என்றான்.

"கல்யாணத்துக்கு மொய் எழுதாமப் போயிட்டியளே அண்ணாச்சி" என்றாள் முத்துராணி. "லாரி சும்மாதான நிக்கி? வாடகைக்கு வருமா?"

மண் அள்ள வந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். ஒருவன் மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு ஒரு காயைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "மொதலாளி, இது செங்கல்ல விட லேசு!"

பெருமாள்ராஜுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் ஆள் வியாபாரி. "வாடகைக்கு ஏத்துங்கலே" என்றான். பிறகு பைக்குள் கைவிட்டு ஒரு பத்திரத்தாளை எடுத்தான். கரையில் நின்றிருந்த ஞானசம்பந்தனிடம் போனான். பக்கத்தில் ராஜராஜேஸ்வரி தன் காயை யாரிடமும் கொடுக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, காய்தான் எடுத்தாச்சே. பேசுன பேச்சுப்படி நாளைக்கு நான் தோண்டணும். இன்னா, தாளு தயாரா இருக்கு. ஒரு கையெழுத்து."

முத்துராணி அடுக்குவதை நிறுத்தினாள். பலவேசம் தலைச்சுமையோடு அப்படியே நின்றான். லாரியில் ஏறியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞானசம்பந்தன் கொடியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், செருமினார். "என்ன செய்ய முத்துராணி? ஆம்பள ஒரு வாக்குக் குடுத்தா…" என்று இழுத்துக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார்.

"எவ்வளவு தோண்டுவிய?" என்று கேட்டாள் ராஜராஜேஸ்வரி.

"பன்னெண்டடிம்மா" என்றான் பெருமாள்ராஜ்.

"அதுக்கப்புறம் இதுல என்ன வெளையும்?"

"அதுக்கப்புறம் என்னம்மா வெளையும்? தண்ணி கெடக்கும், தவளை கெடக்கும்."

ராஜராஜேஸ்வரி இடுப்பில் இருந்த பூசணியை இறக்கிப் புருஷன் கையில் கொடுத்தாள். பேனாவும் மூடியும் மண்ணில் விழுந்தன. பெருமாள்ராஜின் கையிலிருந்து தாளை வாங்கி, நாலாக மடித்து, அவன் சட்டைப் பையிலேயே திரும்பச் சொருகினாள்.

"இது எங்கப்பா எனக்குச் சீதனமா எழுதி வச்ச நெலமாக்கும், பத்திரத்துல இருக்கது எம் பேரு, எங்கிட்ட இதுவரைக்கும் யாருமே கேக்கலியே?"